ஆழ்வாரப்பன் காட்டிய திமிங்கிலம்

எட்டாக்குறிச்சிக்காரர்களைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் என்னென்னவோ சொல்வார்கள். அதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. அவர்கள் சொன்ன சொல்லைத் தட்டாத மனிதர்கள், அவ்வளவுதான். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று வையுங்கள். "ஒரு நிமிஷம் உட்காருங்க, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போனால், அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருப்பார். அறுபது வினாடி முடிந்ததும் எழுந்து போய் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். காப்பித் தம்ளரோடு வந்து நீங்கள் தேடினால் அது உங்கள் குற்றம்.

இந்த ஊரில் மாவு மில் வைத்திருந்தவர் ஆழ்வாரப்பன். ஊர் முன்னேற்ற மன்றத்துக்குத் தலைவரும் அவர்தான். மன்றத்தில் அவரோடு சேர்த்து நாலு பேர். ஊர் முன்னேறியதா என்று கேட்காதீர்கள். தீர்மான நோட்டு மட்டும் பதினேழாவது வரை முன்னேறியிருந்தது.

ஆழ்வாரப்பனுக்கு வந்த சோதனை, அவருடைய சகலை வழியாக வந்தது. சகலை செந்தட்டி கடற்கரைப் பட்டணம் ஒன்றில் பேங்க் மேனேஜர். அந்த மனிதர் தன் மனைவியைப் படகில் அழைத்துப் போய்த் திமிங்கிலம் காட்டிவிட்டு, போட்டோவை செல்போனில் அனுப்பி வைத்தார். போட்டோவில் கடல் இருந்தது, கறுப்பாக ஒரு முதுகு இருந்தது, முன்னால் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு மைத்துனி பூங்கனி இருந்தாள்.

ஆழ்வாரப்பனின் மனைவி செண்பகவடிவு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு மாவு சலிக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட ஆழ்வாரப்பன் தாங்கியிருப்பார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் அவளை வெளியூருக்கு அழைத்துப் போனது ஒரே ஒரு தடவை. மில் மோட்டார் ரிப்பேர் ஆனபோது திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய், பஸ் ஸ்டாண்டில் மோட்டாருக்குக் காவலாக உட்கார வைத்திருந்தார். அது இப்போது அவருக்கு ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் மன்றத்தில் மேஜையைத் தட்டிச் சொன்னார்.

"கேட்டுக்கிடுங்க வே. மாசி முடியறதுக்குள்ள ஆழ்வாரப்பன் அவன் பொண்டாட்டிக்குத் திமிங்கிலத்தைக் காட்டுவான். காட்டலைன்னா என் பேரை மாத்திக்கிடுதேன்!"

வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் யாராவது முதுகில் தட்டிக் கொடுத்து டீக்கடைக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். இங்கே செயலாளர் குத்தாலிங்கம் தீர்மான நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"என்ன பேரா மாத்துதீக தலைவரே?"

"கோவத்துல சொன்னேன் வே. பேரெல்லாம் யோசிக்கலை."

"யோசிக்காம எப்படி? மாசிக் கடைசி நாள் ஒரு மனுசன் பேரில்லாம நிக்கப்படாது. ரேஷன் கார்டு இருக்கு, மில்லு லைசென்ஸ் இருக்கு."

மன்றத்தின் மூன்றாவது உறுப்பினர் தளவாய், ஊரின் டெய்லர். எந்தப் பிரச்சினைக்கும் துணி வெட்டும் முகத்தோடு யோசிப்பவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க சித்தப்பா பேரு தங்கப்பழம். அவரு போய்ச் சேர்ந்து ஆறு வருசம் ஆச்சு. பேரு வீட்டுல சும்மாதான் கெடக்கு."

"நல்ல நெலமையில இருக்கா?" என்று கேட்டார் நாலாவது உறுப்பினர் நல்லபெருமாள். அவர் ஓய்வு பெற்ற கம்பவுண்டர். காலாவதித் தேதி பார்க்காமல் எதையும் தொடமாட்டார்.

"ஒரு கீறல் கெடையாது. அவரை யாருமே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்'னுதான் கூப்பிடுவாக."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாசிக் கடைசி நாளுக்குள் ஆழ்வாரப்பன் திமிங்கிலத்தைக் காட்ட வேண்டும்; காட்டாவிட்டால் அன்று முதல் அவர் தங்கப்பழம். ஆழ்வாரப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டு மில்லுக்குத் திரும்பி வந்து, வாசல் போர்டை நிமிர்ந்து பார்த்தார். 'ஆழ்வாரப்பன் மாவு மில்.' பெயிண்ட் உரிந்திருந்தாலும் கம்பீரமாகத்தான் இருந்தது. 'தங்கப்பழம் மாவு மில்' என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது.

மறுநாளே மணல்துறை என்ற கடற்கரை ஊரில் படகு வைத்திருந்த லூர்தையனுக்கு போன் போட்டார்கள். போனை மேஜை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். குத்தாலிங்கம் ஒரு எழுத்து விடாமல் எழுதினார்.

"கூன்முதுகுத் திமிங்கிலம் இந்த மாசத்துல இந்தப் பக்கமாத்தான் போவும் அண்ணாச்சி," என்றார் லூர்தையன். "ஒங்களுக்குன்னு தனிப்படகாவே தாரேன். ஒங்க ஆளுகளைத் தவிர ஒரு ஈ காக்கா ஏறாது. ரெண்டே ரெண்டு கட்டுப்பாடுதான். படகுல சத்தம் போடப்படாது. நூறு மீட்டருக்குள்ள வச்சுத் திமிங்கிலத்தைப் பாக்கப்படாது. வேற ஒண்ணுமில்லை. கடல்ல கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அதுக்குப் பழகிட்டு வாங்க."

போனை வைத்ததும் வேலை பிரிக்கப்பட்டது. ஈ, காக்கா இரண்டையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு நல்லபெருமாளுக்கு. அவர் ஒரு பனையோலை விசிறியும் ஒரு கவணும் தயார் செய்தார். அதோடு, திமிங்கிலத்தின் முதுகு கூனிப் போனதற்கு வாய்வுதான் காரணம், கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு, மஞ்சள் பிளாஸ்டிக் கேனில் ஐந்து லிட்டர் தைலம் காய்ச்சி வைத்தார்.

நூறு மீட்டர் தளவாயின் பொறுப்பு. படகிலிருந்து நூறு மீட்டர் நீளத்துக்குக் கயிறு மிதக்கவிட்டு, நுனியில் அந்தத் தைலக் கேனையே கட்டிவிடுவது என்று ஏற்பாடு. கேனுக்கு அந்தப் பக்கம் திமிங்கிலம் இருந்தால் பார்க்கலாம். இந்தப் பக்கம் வந்தால் பார்க்கக் கூடாது. தளவாய் தன் இஞ்சு டேப்பை வைத்து, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தார். எழுபத்தோராவது முடிச்சில் யாரோ "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்கள். எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். எட்டாக்குறிச்சி அன்பான ஊர். ஒரு நாளைக்கு நாலு பேராவது சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிடுவார்கள். கயிறு முடியப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

ஆட்டத்துக்குப் பழகுவதுதான் பெரிய பாடு. மன்றத்து பெஞ்சைப் புளியமரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, நாலு பேரும் அதில் வரிசையாக உட்கார்ந்து, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஊர்ப் பையன்களை ஆட்டி விடச் சொன்னார்கள். முதல் நாள் நல்லபெருமாள் வாந்தி எடுத்தார். அது நோட்டில் ஏறியது. பத்தாம் நாளுக்குள் நாலு பேருக்கும் ஆட்டம் நன்றாகப் பழகிவிட்டது. தரைதான் பழக்கம் விட்டுப் போயிற்று. ஆழ்வாரப்பன் மில்லுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மாவு அரைக்க வந்த பெண்கள் அவரைப் பார்த்துவிட்டு, செண்பகவடிவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"திமிங்கிலமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மனுசரா நடந்தாப் போதும்," என்றாள் அவள்.

"பேரு போயிடும் செண்பகம்," என்றார் ஆழ்வாரப்பன், தூணைக் கட்டிக்கொண்டு. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு ஒரு அப்பளம் கூடுதலாக விழுந்தது.

இப்படியாகத் திட்டம் போட்டு முடிக்கவே மாசிக் கடைசி நாள் வந்துவிட்டது. விடியற்காலை பஸ்ஸில் செண்பகவடிவோடு சேர்த்து ஐந்து பேரும் மணல்துறை போய்ச் சேர்ந்தார்கள். படகில் ஏறி உட்கார்ந்தார்கள். கடைசியாக லூர்தையன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஏறப் போனார். குத்தாலிங்கம் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க யாரு?"

"நான்தான் அண்ணாச்சி லூர்தையன். போன்ல பேசினேனே."

"மன்றத்து உறுப்பினரா?"

"இல்லை. படகு ஓட்டுறவன்."

"இது தனிப்படகு. எங்க ஆளுகளைத் தவிர யாரும் ஏறப்படாதுன்னு போன்ல சொல்லியிருக்காக. எழுத்துல இருக்கு."

"சொன்னதே நான்தான அண்ணாச்சி!"

"அப்ப ஒங்களுக்கே தெரியும்," என்றார் குத்தாலிங்கம் மரியாதையாக.

ஒன்றரை மணி நேரம் படகு கரையிலேயே ஆடிக்கொண்டிருந்தது. லூர்தையன் மணலில் குந்தி உட்கார்ந்து ஒரு பீடி பிடித்தார். ஆழ்வாரப்பன் கடலையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணையும் காணுமே" என்று தவித்தார். சூரியன் ஏற ஏற அவருடைய பேர் கரைந்துகொண்டிருந்தது.

"படகு கெளம்பவே இல்லை. பின்னால பாருங்க, டீக்கடை அங்கனயேதான் இருக்கு," என்றாள் செண்பகவடிவு.

மன்றம் அவசரமாகக் கூடியது. ஆள் இல்லாமல் படகு போகாது. ஆள் ஏறினால் தனிப்படகு இல்லை. நாலு பேரும் மூளையைக் கசக்கியதில், நல்லபெருமாளுக்கு வழி தோன்றியது. அதன்படி எழுதப்பட்ட தீர்மானம்: லூர்தையன் படகில் இருக்கலாம், ஆனால் இல்லாதவராகக் கருதப்படுவார்.

அதற்குப் பிறகு யாரும் லூர்தையனிடம் பேசவில்லை, அவர் பேசியதும் யார் காதிலும் விழவில்லை. அவர் மிதவைச் சட்டைகளை எடுத்து நீட்டியபோது, "சட்டையெல்லாம் தானா வருதே, வசதியான படகு" என்று மட்டும் தளவாய் சொன்னார்.

நடுக்கடலில் இன்ஜின் நின்றது. தைலக் கேன் மிதக்கவிடப்பட்டது. படகு சாயாமல் இருக்க, காட்டுபவரும் பார்ப்பவரும் வலப்பக்கம், மற்ற மூன்று பேரும் அவர்களுக்கு முதுகைக் காட்டி இடப்பக்கம் என்று உட்கார்ந்தார்கள். தளவாய் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். நல்லபெருமாள் விசிறியை ஓங்கியபடி ஈயை எதிர்பார்த்திருந்தார். சத்தம் போடக் கூடாது என்பதால் இருமல் வந்தவர்கள்கூட விழுங்கிக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரம் போயிற்று. ஆழ்வாரப்பனுக்குக் கண் பூத்துப்போனது. அப்போது, கேனுக்கு வெகுதூரத்தில், தண்ணீரிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு எழும்பியது. அவர் வாயைத் திறந்தார். சத்தம் போடக் கூடாது என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக, நாலு பேர் இருக்கிற இடத்தில், மனைவியின் தோளைத் தொட்டார். விரலை நீட்டிக் காட்டினார். செண்பகவடிவு பார்த்தாள். கறுப்பாக ஒரு மேடு எழுந்து, வளைந்து, கடைசியில் வால் விரிந்து உள்ளே போனது. அவள் அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆழ்வாரப்பனுக்கு உலகத்தையே வாங்கிக் கொடுத்துவிட்ட மாதிரி சந்தோஷமாக இருந்தது. அன்று அந்த மனிதர் காட்டினார். நாமாவது இதை ஒத்துக்கொள்வோம்.

மற்ற மூன்று பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு இடப்பக்கத்துக் கடலைக் காவல் காத்தார்கள்.

முங்கிய திமிங்கிலம் நேராகப் படகைப் பார்க்க வந்தது. தளவாயின் கையில் கயிறு வெடுக்கென்று இழுபட்டது.

"உள்ள வந்துட்டு!" என்று கிசுகிசுத்தார் தளவாய். "நூறு மீட்டருக்கு உள்ள வந்துட்டு!"

அவ்வளவுதான். நாலு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். ஆழ்வாரப்பன் நீட்டிய விரலை மடக்காமலே மூடிக்கொண்டார். செண்பகவடிவு மட்டும் மூடவில்லை. மன்றத்துக்கு இன்னும் மகளிர் அணி தொடங்காததால் கட்டுப்பாடு அவளைத் தொடாது. திமிங்கிலம் படகுக்குப் பத்தடியில் எழுந்து, ஒருக்களித்து, ஒரு கண்ணால் இந்த ஐந்து பேரையும் நிதானமாகப் பார்த்தது. பிறகு படகைச் சுற்றிவர ஆரம்பித்தது. அது கிளப்பிய அலையில் படகு திரும்பிவிட, ஆழ்வாரப்பனின் விரல் மட்டும் மணல்துறை டீக்கடையைக் காட்டிக்கொண்டிருந்தது.

குத்தாலிங்கம் மூடிய கண்ணோடு நோட்டைத் தடவி எடுத்து, கிசுகிசுப்பாகவே விசாரணையைத் தொடங்கினார்.

"மதினி, திமிங்கிலம் தெரியுதா?"

"எம்மாடி! நம்ம மில்லு தண்டி இருக்கு அண்ணாச்சி! கண்ணைத் தொறந்து பாருங்க!"

"அது முடியாது. இதை ஒங்களுக்குக் காட்டினது யாரு?"

"இவுகதான்."

"எவுக?"

"இந்தா, இவுகதான்," என்று அவள் கையைக் காட்டினாள்.

"கையைக் காட்டுதீகளோ? எங்களுக்குத் தெரியலையே. பேரைச் சொல்லுங்க மதினி, எழுதணும்."

செண்பகவடிவு தாலி கட்டிக்கொண்ட நாள் முதலாகப் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டை நீட்டி விரலை வைப்பாள்.

"எங்க வீட்டுக்காரக அண்ணாச்சி."

"வீட்டுக்காரர் காட்டினாச் செல்லாது மதினி. ஆழ்வாரப்பன் காட்டணும்னுதான் தீர்மானத்துல இருக்கு."

"அவுகதான் இவுக! பெருமாள் கோயில்ல வரிசையா பன்னெண்டு பேரு நிக்காகல்ல? அவுக பேரை முன்னால வச்சு, அப்பனைப் பின்னால வைங்க."

குத்தாலிங்கம் எழுதினார். "பன்னெண்டு அப்பன். அப்படி ஒருத்தரும் நம்ம மன்றத்துல இல்லையே."

"நான்தாம்வே காட்டினேன்!" என்றார் ஆழ்வாரப்பன் அழாக்குறையாக.

"தனக்குத் தானே சாட்சி சொல்லப்படாது தலைவரே."

லூர்தையனால் பொறுக்க முடியவில்லை. "ஏ அண்ணாச்சி, ஆழ்வாரப்பன் அண்ணாச்சிதான் காட்டினாரு! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

குத்தாலிங்கம் காதைத் தீட்டினார். "மதினி, யாரும் பேசின மாதிரி இருந்துச்சா?"

"லூர்தையன் பேசுதாரு."

"அவருதான் இல்லையே."

திமிங்கிலம் மூன்று சுற்று வந்து பார்த்தது. இதற்கு மேல் இவர்களிடம் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்ததோ என்னவோ, முங்கிப் போய்விட்டது. போய்விட்டது என்று செண்பகவடிவு மூன்று தடவை சத்தியம் செய்த பிறகு நாலு பேரும் கண்ணைத் திறந்தார்கள். கடல் வெறிச்சென்று கிடந்தது.

கரைக்குத் திரும்பும் வழியிலேயே மன்றம் கூடி முடிவெடுத்தது. திமிங்கிலம் வந்தது உண்மை. காட்டியவர் ஆழ்வாரப்பன் என்பதற்குச் சாட்சியில்லை. இன்று மாசிக் கடைசி. ஆகவே இந்தக் கணம் முதல் தலைவரின் பேர் தங்கப்பழம். தளவாய் தன் சித்தப்பாவை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டே, துண்டு ஒன்றைப் போர்த்தினார். சத்தம் வராமல் கைதட்டினார்கள். பேரை இழந்தவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கால் கட்டைவிரலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அதைப் பார்க்கச் செண்பகவடிவுக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு கூத்தடித்தாலும் அவளுக்காக அடித்த கூத்துதானே. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இப்ப இவுக பேரு தங்கப்பழம்தான?"

"தீர்மானமே ஆயிட்டு மதினி."

"அந்தப் பழைய பேரு இனிமே என் புருசன் பேரு இல்லையே?"

"சத்தியமா இல்லை."

"அப்ப நான் அதைச் சொல்லலாம்ல?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தடை ஏதும் தெரியவில்லை.

"ஆழ்வாரப்பன்!" என்றாள் செண்பகவடிவு. பத்தொன்பது வருஷமாகப் பூட்டி வைத்திருந்த பேர். சொல்லச் சொல்ல அவளுக்கு இனித்தது. "எனக்குத் திமிங்கிலத்தைக் காட்டினது ஆழ்வாரப்பன்! ஆழ்வாரப்பன்தான் என் தோளைத் தொட்டுக் காட்டினாரு! ஆழ்வாரப்பன் மாதிரி ஒரு நல்ல மனுசன் ஒங்க ஏழூருலயும் கெடையாது. எழுதுங்க!"

குத்தாலிங்கம் பரபரவென்று எழுதினார். "இதுல்லா சாட்சி! மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மதினி. ஆழ்வாரப்பன் வாக்கைக் காப்பாத்திட்டாரு. அவரு பேரு அவருக்கே."

"பாத்தீகளா!" என்று துள்ளி எழுந்தார் தலைவர்.

"நீங்க உக்காருங்க தங்கப்பழம். ஒங்க விசயம் முடிஞ்சுட்டு," என்றார் குத்தாலிங்கம். "இது ஆழ்வாரப்பன் விசயம். அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் போடணும். அவரை எங்க?"

எல்லோரும் படகுக்குள் தேடினார்கள். தளவாய் இருந்தார், நல்லபெருமாள் இருந்தார், குத்தாலிங்கம் இருந்தார், தங்கப்பழம் இருந்தார். லூர்தையன் இல்லாதவர். ஆழ்வாரப்பனை மட்டும் காணவில்லை. நல்லபெருமாள் பலகைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்துவிட்டு, தண்ணீரில் விழுந்திருப்பாரோ என்று கவலைப்பட்டார். ஆழ்வாரப்பனைத் தேடிக் கண்டுபிடிக்க உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுத் தலைவர், தங்கப்பழம்.

தங்கப்பழமும் எட்டாக்குறிச்சிக்காரர்தானே. கொடுத்த பொறுப்பைத் தட்டத் தெரியாது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் கறுத்தது. மீசை துடித்தது. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"ஒன் தோளைத் தொட்டான்னு சொன்னியே," என்றார், "யாருடி அந்த ஆழ்வாரப்பன்?"